'சாப விமோசன'த்துக்கு எந்தத் திறனாய்வு அணுகுமுறை பொருந்தும்?

கேள்வி – முதுகலை மாணவி:
சாபம் நீங்கிய அகலிகை, சீதை தீக்குளித்ததைக் கேட்டு மீண்டும் கல்லாகும் புதுமைப்பித்தனின் கதைக்குப் பெண்ணியம், உளவியல், மார்க்சியம், அமைப்பியல் நான்கையும் போட்டு 10 பக்கக் கட்டுரை எழுதினேன். நான்கும் ஒட்டாமல் நிற்கிறது என்கிறார் நெறியாளர். எதை வைக்கலாம்?

பதில் 1 – ஏட்டுச்சுவடி:
இரண்டு போதும். முதலில் கோட்பாட்டை மூடிவைத்துவிட்டுக் கதையை வாசியுங்கள். அகலிகை கல்லாகும் இடம், சீதை தீக்குளித்ததைச் சொல்லும் இடம், இரண்டையும் வரிவரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பெண்ணிய வாசிப்புக்குக் கேள்வி ஒன்றுதான்: யார் சந்தேகப்படுகிறார், யார் நிரூபிக்க வேண்டியிருக்கிறது? தனக்குக் கிடைத்த மன்னிப்பு சீதைக்கு ஏன் இல்லை என்பதில்தான் அகலிகை உடைகிறாள். அந்தப் பகுதிக்கே 3 பக்கம் கொடுக்கலாம்.

பதில் 2 – கரிசல்:
இரண்டாவதாக இடைப்பனுவல் வாசிப்பை, அதாவது ஒரு படைப்பை அதற்கு முந்தைய படைப்புகளோடு சேர்த்து வாசிப்பதை, வையுங்கள், அதுதான் இங்கே வளமான நிலம். வால்மீகியில் அகலிகை கல்லாவதில்லை; யார் கண்ணிலும் படாமல், காற்றை உண்டு, சாம்பலில் கிடக்கிறாள். கம்பரில் கல்லாகிறாள். புதுமைப்பித்தனின் முடிவு கம்பர் வழியில் நிற்கிறது. இதைச் சொல்லாமல் 'மரபை மறுக்கிறார்' என்று எழுதினால் எந்த மரபை என்று கேட்பார்கள்.

பதில் 3 – ஏட்டுச்சுவடி:
சரியாகச் சொன்னீர்கள். உளவியலை விடவே மனமில்லை என்றால், கணவனின் தழுவலிலும் இந்திரன் தெரிவதை மட்டும் எடுங்கள். ஆனால் அகலிகையின் மனத்தை விட்டு ஆசிரியரின் மனத்தை ஆராயப் போய்விடாதீர்கள். பெரும்பாலான கட்டுரைகள் அங்கேதான் சறுக்குகின்றன. மார்க்சியத்துக்கு இந்தக் கதையில் பிடி குறைவு, விட்டுவிடுங்கள்.