மாலையில் வரும் வேகம் காலையில் வருவதில்லை: சப்ளிமென்ட் பவுடர் உதவுமா?

கேள்வி (செக்காலை ஓட்டக்காரன், காரைக்குடி)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 22, எடை 64 கிலோ. ஆத்தங்குடிக் கல் வார்க்கும் பட்டறை ஒன்றில் காலை 8 மணி முதல் மாலை 5 மணி வரை வேலை பார்த்துக்கொண்டே இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குத் தயாராகி வருகிறேன். எழுத்துத் தேர்வைப் பற்றி எனக்குக் கவலையில்லை. 1500 மீட்டரை 7 நிமிடத்திற்குள் ஓடி முடிக்க வேண்டும் என்பதே என் கவலை.

வேலை முடிந்து மாலை 6 மணியளவில் எங்கள் பகுதிச் செம்மண் திடலில் ஓடுவது வழக்கம். அங்கே 6 நிமிடம் 50 நொடியில் முடித்துக்கொண்டிருந்தேன். மூன்று வாரங்களுக்கு முன் ஜிம்முக்கு வரும் ஒருவர் சொன்னதைக் கேட்டு, பயிற்சிக்கு முன் குடிக்கும் பிரீ ஒர்க்அவுட் பவுடர் ஒரு டப்பா வாங்கி, நாள்தோறும் மாலை 5.30 மணிக்குத் தண்ணீரில் கலந்து குடித்து வருகிறேன். ஒரு கரண்டிக்கு காஃபின் 200 மில்லிகிராம், பீட்டா அலனின் 3.2 கிராம் என்று போட்டிருக்கிறது. மீதியை அளவு குறிப்பிடாமல் ‘கலவை’ என்று மட்டும் அச்சிட்டிருக்கிறார்கள். குடித்த சிறிது நேரத்தில் முகத்திலும் காதிலும் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். மாலை நேரம் இப்போது 6 நிமிடம் 38 நொடியாகக் குறைந்துவிட்டது.

ஆனால் தேர்வை அதிகாலையில்தான் வைப்பார்கள் என்பதால், ஞாயிற்றுக்கிழமைகளில் 4.30 மணிக்கு எழுந்து, 5.45 மணிக்கு ஓடிப் பார்க்கிறேன். பவுடர் குடிக்கத் தொடங்குவதற்கு முன் காலையில் 7 நிமிடம் 2 நொடி ஆனது. போன ஞாயிறு 7 நிமிடம் 10 நொடி ஆகிவிட்டது. மாலையில் முன்னேறிய கால்கள் காலையில் ஏன் பின்வாங்குகின்றன? காலையிலும் ஒரு கரண்டி குடித்தால் சரியாகுமா? அல்லது காலை நேரத்திற்கென்று வேறு சப்ளிமென்ட் இருக்கிறதா?

பதில் 1 (ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், தேவகோட்டை)

தம்பி, உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு என்னால் பதில் சொல்ல முடியும். உடலின் உள்வெப்பம் நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. நாம் விழிப்பதற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்கு முன் அது மிகத் தாழ்ந்து, பகலில் மெல்ல ஏறி, மாலை 4 மணி முதல் 8 மணிக்குள் உச்சத்தைத் தொடுகிறது. தசைக்கு வரும் நரம்புக் கட்டளையின் வேகமும், தசை சுருங்கி விரியும் வேகமும், மூட்டுகளின் இளக்கமும் அந்த வெப்பத்தோடு சேர்ந்தே ஏறி இறங்குவதால், பாய்ச்சலும் தாவலும் பளு தூக்குதலும் பெரும்பாலோருக்கு மாலையில்தான் நன்றாக அமையும். எழுந்து ஒன்றேகால் மணி நேரத்தில் நீங்கள் ஓடுகிறீர்கள். உடல் அப்போது இன்னும் பாதி இரவில்தான் இருக்கிறது.

இது ஊருக்கு ஊரும் மாறும். கரீபியன் தீவான குவாதலூப்பில் செய்த ஆய்வுகளில், வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த சூழலில் காலைக்கும் மாலைக்கும் உள்ள தசைத்திறன் வேறுபாடு பெரிதும் மங்கிவிடுவதைக் கண்டிருக்கிறார்கள். காலையில் உடலுக்குக் குறைவாக உள்ள சூட்டை வெளிக்காற்றே ஈடுசெய்துவிடுகிறது. நம் பகுதியில் சித்திரை விடியலும் மார்கழி விடியலும் ஒன்றல்ல என்பது ஊருணிக் கரையில் ஓடிய எவருக்கும் தெரியும். எனவே குளிர்ந்த காலையில் உடலைச் சூடாக்கும் பயிற்சிக்கு இரட்டிப்பு நேரம் கொடுங்கள். மாலையில் 10 நிமிடம் போதுமென்றால் காலையில் 20 முதல் 25 நிமிடம் மெல்லோட்டம் ஓடி, இடையில் நான்கைந்து முறை 60, 80 மீட்டர் விரைவோட்டமும் ஓடி, வியர்வை அரும்பிய பிறகே நேரத்தைக் குறிக்கத் தொடங்க வேண்டும். முழுக்கைச் சட்டையைத் தொடக்கக் கோட்டுக்கு வரும் வரை கழற்றாதீர்கள்.

அதைவிட முக்கியமானது பயிற்சியின் நேரம். வாரத்தில் ஆறு நாளும் மாலையில் பழகிவிட்டு ஞாயிறன்று மட்டும் காலையில் ஓடினால் அது உடலுக்குப் புதிய வேலையாகவே தெரியும். தொடர்ந்து காலையில் பயிற்சி செய்கிறவர்களுக்குக் காலைக்கும் மாலைக்கும் உள்ள இடைவெளி வெகுவாகச் சுருங்குகிறது. உங்களுக்கு வேலை 8 மணிக்குத்தானே தொடங்குகிறது? வாரத்தில் நான்கு நாளாவது காலைக்கு மாறுங்கள்.

பதில் 2 (மருந்தாளுநர், பள்ளத்தூர்)

ஆசிரியர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். காலை நேரம் 7:02இலிருந்து 7:10க்குப் போனதற்கு உடற்கடிகாரம் காரணமாக இருக்க முடியாது. அது மூன்று வாரத்திற்கு முன்பும் அப்படித்தான் இருந்தது. இடையில் மாறியது அந்த டப்பா ஒன்றுதான்.

காஃபின் இரத்தத்தில் பாதியாகக் குறையச் சராசரியாக 5 மணி நேரம் ஆகும். சிலருக்கு இன்னும் கூடுதலாகும். மாலை 5.30 மணிக்கு 200 மில்லிகிராம் குடித்தால் இரவு 10.30 மணிக்கு ஏறத்தாழ 100 மில்லிகிராம் உள்ளே இருக்கிறது, விடிகாலை 3.30 மணிக்கும் 50 மில்லிகிராம் மீதியிருக்கிறது. படுப்பதற்கு 6 மணி நேரத்திற்கு முன் 400 மில்லிகிராம் காஃபின் எடுத்துக்கொண்டவர்களுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் தூக்கம் குறைந்ததாக 2013இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. உங்கள் அளவு அதில் பாதிதான் என்றாலும், 4.30 மணிக்கு எழ வேண்டிய நீங்கள் இழக்கும் ஒவ்வொரு அரை மணி நேரமும் ஓட்டத்தில் தெரியும். மாலையில் வாங்கிய 12 நொடிக்கான விலையை நீங்கள் காலையில் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

காஃபின் காலையில் உதவுமா என்றால், உதவும் என்றே சொல்வேன். 2012இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், பளுப் பயிற்சியில் தேர்ந்த ஆண்களுக்குக் காலை 10 மணிக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம் வீதம் காஃபின் கொடுத்தபோது, அவர்களது காலைத் தசைத்திறன் மாலை அளவை நெருங்கியது. உங்கள் எடைக்கு அது 192 மில்லிகிராம். 45 முதல் 60 நிமிடத்திற்கு முன் எடுக்க வேண்டும். கிலோவுக்கு 6 மில்லிகிராமுக்கு மேல் போனால் பலன் கூடாது. படபடப்பும் கைநடுக்கமும் வயிற்றுக் கோளாறும்தான் கூடும். இதய நோயோ இரத்த அழுத்தமோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

டப்பாவில் உள்ள பீட்டா அலனினுக்குக் காலையும் இல்லை மாலையும் இல்லை. அது நாள்தோறும் 4 முதல் 6 கிராம் வரை சில வாரங்கள் சேர்ந்தால்தான், கடும் ஓட்டத்தில் தசையில் சேரும் அமிலத்தைத் தாங்க உதவும் கார்னோசின் பெருகும். நீங்கள் சொல்லும் எறும்பு ஊர்தல் அதனால் வருவதே, தீங்கில்லை. தசை வலுவுக்காகப் பலர் எடுக்கும் கிரியேட்டின் பவுடரும் அப்படியே, எந்த வேளையில் எடுத்தாலும் ஒன்றுதான். ஆனால் தசையில் நீர் சேர்ந்து எடை ஒரு கிலோ வரை கூடக்கூடும் என்பதால் 1500 மீட்டர் ஓடுபவருக்கு நான் சொல்ல மாட்டேன். பீட்ரூட் சாற்றின் நைட்ரேட்டுக்கு இரண்டு மூன்று மணி நேர முன்னெடுப்பு வேண்டும், 5.45 மணி ஓட்டத்திற்காக 3 மணிக்கு எழுந்து சாறு குடிப்பதைவிட அந்த நேரம் உறங்குவது மேல். சமையல் சோடா குடிக்கச் சொல்பவர்களும் இருப்பார்கள். உங்கள் எடைக்குச் சொல்லப்படும் அளவு ஏறத்தாழ 19 கிராம், அது பலருக்கு வாந்தியிலும் வயிற்றுப்போக்கிலும் முடிகிறது.

பதில் 3 (முன்னாள் 800 மீட்டர் ஓட்டக்காரன், கோட்டையூர்)

என் அனுபவத்தைச் சொல்கிறேன். மாவட்டப் போட்டி ஒன்றின் காலையில், அதுவரை ஒருமுறைகூடக் குடித்துப் பார்க்காத பவுடரை, கடைக்காரர் சொன்னபடி இரண்டு கரண்டி குடித்துவிட்டுக் களத்தில் இறங்கினேன். நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தில் முதல் சுற்றை அளவுக்கு மீறி ஓடிவிட்டு, இரண்டாம் சுற்றில் கடைசி ஆளாக வந்தேன். அந்த ஆண்டு முழுக்க உழைத்த உழைப்பு இரண்டு நிமிடத்தில் போனதை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. தேர்வு நாளில் புதிதாக எதையும் வாயில் வைக்காதீர்கள், தம்பி.

அளவு சொல்லாத ‘கலவை’யும் என்னை உறுத்துகிறது. காஃபின் 2004 முதல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப்பட்டியலில் இல்லை. ஆனால் இத்தகைய பவுடர்களில் தடைசெய்யப்பட்ட தூண்டிகள் கலந்திருந்து வீரர்கள் சிக்கிய நிகழ்வுகள் உண்டு. பின்னாளில் ஓபன் மீட் எனப்படும் பொதுத் தடகளப் போட்டிகளில் ஓடும் எண்ணம் இருந்தால் நினைவில் வையுங்கள்: உடலில் என்ன கண்டுபிடிக்கப்பட்டாலும் அதற்கு வீரரே பொறுப்பு, தெரியாமல் குடித்தேன் என்பது அங்கே விடுதலை தராது.

கேள்வி கேட்டவர்

ஐயா, அக்கா, அண்ணன், மூவருக்கும் நன்றி. இரவு 11.30 மணி வரை புரண்டுகொண்டிருந்ததைத் தேர்வுப் பயம் என்றே நினைத்திருந்தேன். டப்பாவை மூடி வைத்துவிட்டேன். நாளை முதல் காலைப் பயிற்சி. ஒன்று மட்டும் கேட்கிறேன்: பவுடருக்குப் பதில் அம்மா போடும் பில்டர் காபி போதுமா?

பதில் (மருந்தாளுநர், பள்ளத்தூர்)

போதும், தம்பி. ஆனால் சிக்கரியில் காஃபின் கிடையாது. தூளில் அது எவ்வளவு கலந்திருக்கிறது, டிகாக்ஷன் எவ்வளவு கெட்டி என்பதைப் பொறுத்து ஒரு டம்ளருக்கு அளவு மாறும். அதனால் ஒரே தூள், ஒரே டம்ளர் என்று வைத்துக்கொண்டு, ஓட்டத்திற்கு ஒரு மணி நேரம் முன் குடித்து, அடுத்த மூன்று ஞாயிறும் நேரத்தைக் குறித்து வாருங்கள். பால் குறைவாக இருக்கட்டும், வயிறு கனக்காது. முதல் ஞாயிறு மட்டும் காபியே இல்லாமல் ஓடுங்கள். நன்றாகத் தூங்கி எழுந்த கால்கள் எவ்வளவு ஓடும் என்று முதலில் தெரியட்டும்.