பளிங்குக் கல்லறையில் பிளீச் அடிக்கலாமா?

பனைமரம்: கலிபோர்னியாவில் இருக்கிறேன். 1848இல் கொலோமாவில் தங்கம் கிடைத்த சேதி கேட்டு ஓடிவந்தவர்களைப் புதைத்த பழைய இடுகாடு ஒன்றில் சனிக்கிழமைதோறும் தன்னார்வலர்களோடு கல் துடைக்கிறேன். போன வாரம் கறுத்துக் கிடந்த பளிங்குக் கல்லில் பிளீச்சைத் தண்ணீரில் கலந்து அடித்தோம். பத்தே நிமிடம், பால் போல வெளுத்துவிட்டது! இதைவிட நல்ல வழி கிடையாது.

கருங்கல்: படித்ததும் வயிறு எரிகிறது. பளிங்கு சட்டைத்துணியா வெளுக்க? பிளீச்சின் உப்பு கல்லின் நுண்துளைக்குள் தங்கிவிடும். காயும்போது படிகமாகி உள்ளேயிருந்து நெருக்கும். கல் பொருக்குப் பொருக்காக உதிரும்.

பனைமரம்: நன்றாகக் கழுவிவிட்டோம் அண்ணே. நீங்கள் அந்தக் கல்லைப் பார்த்தீர்களா?

கருங்கல்: அதைப் பார்க்கவில்லை, அதுபோல நூறு பார்த்திருக்கிறேன். துளைக்குள் போனதை மேலே கழுவி எடுக்க முடியாது. பழைய பளிங்கில் விரலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள், சர்க்கரை மாதிரி மணி மணியாக ஒட்டும். அதில் பிளீச்!

வைகைக்கரை: ஒரு நிமிடம். சுத்தம் செய்வது வேறு, சீரமைப்பது வேறு. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் முடிவு செய்யலாமே?

கருங்கல்: பிளீச் பற்றிப் பேசுகிறோம். அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையின் ஆய்வு மையமே ராணுவ வீரர்களின் கல்லறைக் கற்களில் பல திரவங்களைச் சோதித்தது. தேறியது டி/2 என்ற திரவம், பிளீச் இல்லை. அது மெதுவாகத்தான் வேலை செய்யும், முழுதாக வெளுக்க வாரக்கணக்காகும். அவசரக்காரர்களுக்குப் பிடிக்காது.

பனைமரம்: அவசரக்காரர் என்று யாரைச் சொல்கிறீர்கள்? வெயிலில் முட்டி தேய உட்கார்ந்து துடைப்பது நாங்கள். நீங்கள் திரைக்கு முன்னால் உட்கார்ந்து பாடம் எடுக்கிறீர்கள்.

மேட்டுத்தெரு: கருங்கல் அண்ணன் எப்போதும் இப்படித்தான். போன வருடம் செட்டிநாட்டுச் சுண்ணாம்புப் பூச்சு விவாதத்திலும் என்னை ஒரு வாக்கியம் முடிக்கவிடவில்லை.

கருங்கல்: அன்றைக்கு நீங்கள் சிமெண்ட் பூசலாம் என்றீர்கள், அதனால்தான். இங்கேயும் அதே தப்பு நடக்கிறது. உடைந்த பளிங்கைப் போர்ட்லாண்ட் சிமெண்டால் ஒட்டுகிறார்கள். சிமெண்ட் கல்லைவிடக் கெட்டி, கடைசியில் விரிசல் விடுவது கல்தான். எங்கள் தாத்தா கொத்தனார். சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்த கை அது.

மேட்டுத்தெரு: தாத்தா கலிபோர்னியாவிலா வேலை பார்த்தார்?

கருங்கல்: தாத்தாவை இழுக்காதீர்கள். நம் கோயில்களில் மணல்வீச்சு அடித்துக் கல்வெட்டு எழுத்தை மழுங்கவைத்தபோதும் ‘எவ்வளவு சுத்தம்’ என்றுதான் கைதட்டினார்கள்.

வைகைக்கரை: கோயில் விஷயம் வேறு. அது கருங்கல், இது பளிங்கு.

கருங்கல்: கருங்கல்லே தாங்கவில்லை என்றால் பளிங்கு தாங்குமா? குழந்தைகளின் கல்லில் படுத்திருக்கும் ஆட்டுக்குட்டியைச் செதுக்கியிருப்பார்கள். பல குட்டிகளுக்குக் காது மழையில் கரைந்து வெறும் மேடாக நிற்கிறது. மிச்சம் இருப்பது அந்த மேடு ஒன்றுதான். தண்ணீர், மென்மையான தூரிகை, பாசி சுரண்ட மரக்குச்சி, இவை போதும். கம்பித் தூரிகையும் வேண்டாம், வினிகரும் வேண்டாம். பிளீச் வேண்டவே வேண்டாம்.

பனைமரம்: நாங்கள் துடைத்த கல்லில் இருந்த பெயரை முதன்முறையாகப் படிக்க முடிந்தது அண்ணே. 1850இல் சாக்ரமெண்டோவில் காலரா வந்து நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். அவர்களில் எத்தனையோ பேருக்குக் கல்லே இல்லை. கல் இருக்கிறவர்களின் பெயராவது தெரியட்டும் என்றுதான் செய்கிறோம்.

கருங்கல்: பெயர் இன்றைக்குத் தெரியும். உப்பு வேலையைக் காட்டியதும் எழுத்தோடு சேர்ந்து உதிரும். அப்போது இன்னொரு புட்டி பிளீச் வாங்குவீர்களா?

மேட்டுத்தெரு: நான் சிமெண்ட் என்று சொன்னது தரைக்கு. சுவருக்கு இல்லை.

கருங்கல்: சுவருக்குத்தான் சொன்னீர்கள். பழைய பதிவைத் தேடி எடுத்துப் போடுகிறேன், இருங்கள்.

பனைமரம்: வரும் சனிக்கிழமை அடுத்த வரிசையைத் தொடங்குகிறோம்.

கருங்கல்: பிளீச்சோடா?