முழு சூரிய கிரகணம் நேர்ல பாத்தவங்க இருக்கீங்களா? 2027 லக்சர் போலாமான்னு யோசனை

திண்டுக்கல்காரன்:
வணக்கம் மக்களே. 2019 டிசம்பர் 26 வளைய கிரகணத்த எங்க வீட்டு மொட்டை மாடில நின்னு பாத்தேன், கண்ணாடி வழியா வளையம் சூப்பரா தெரிஞ்சது, ஆனா கண்ணாடிய கழட்டிட்டு சுத்திமுத்தி பாத்தா வெயில் கொஞ்சம் மங்குச்சே தவிர பகல் பகலாத்தான் இருந்துச்சு. அக்கா டாலஸ்ல இருக்கா, 2024 ஏப்ரல்ல முழு கிரகணம் பாத்ததுலருந்து "நீ பாத்ததெல்லாம் ஒரு கிரகணமாடா"ன்னு சொல்லிட்டே இருக்கா. 2027 ஆகஸ்ட் 2 எகிப்துல லக்சர் பக்கம் 6 நிமிஷத்துக்கு மேல மறைக்குமாம். அம்மாவையும் கூட்டிட்டுப் போலாம்னு ஆசை, ஆனா செலவு பெருசு, ஆகஸ்ட் வெயில் வேற. நிஜமாவே அவ்ளோ வித்தியாசம் இருக்கா?

டெக்சாஸ்தமிழன்:
அக்கா சொன்னது உண்மை தம்பி. நானும் டாலஸ் பக்கம்தான். அன்னிக்கு காலைல ஒரே மேகம், எல்லாரும் வயித்துல நெருப்பக் கட்டிட்டு இருந்தோம், மத்தியானத்துக்குள்ள மேகம் விலகிருச்சு. 12:23க்கு ஓரத்துல கடி விழுந்துச்சு, அப்புறம் ஒரு மணி நேரம் பெருசா ஒண்ணும் இல்ல, மரத்தடில இலை சந்து வழியா விழுந்த வெளிச்சம் மட்டும் தரையெல்லாம் குட்டி குட்டி பிறையா கிடந்துச்சு, பசங்க அதத்தான் போட்டோ எடுத்தாங்க. கடைசி பத்து நிமிஷத்துலதான் மாறுது. வெயில் இருக்கு ஆனா சூடு இல்ல, நிழலெல்லாம் கத்தி மாதிரி கூர்மையா ஆயிருச்சு, குளிர் காத்து வந்துச்சு. மாமியார் ஊர்லருந்து வந்திருந்தாங்க, சாம்பார் பாத்திரத்துல தர்ப்பை போட்டு வச்சுட்டு வெளிய வரவே மாட்டேன்னு உக்காந்திருந்தவங்க, பேரன் கையப் பிடிச்சு இழுக்கவும் வாசலுக்கு வந்தாங்க. 1:40க்கு ஓரத்துல ஒரே ஒரு புள்ளி வைரம் மாதிரி மின்னி அணைஞ்சுது, அவ்ளோதான், சூரியன் இருந்த எடத்துல கருப்பா ஒரு ஓட்டை, அத சுத்தி வெள்ளையா கொரோனா, அதான் சூரியனோட வெளி வளிமண்டலம். எந்த போட்டோலயும் அது சரியா வரல. அடியில ரோஸ் கலர்ல ஒரு புள்ளி வெறுங்கண்ணுக்கே தெரிஞ்சது, ஒரு பக்கம் வெள்ளி, ஒரு பக்கம் வியாழன், நாலு திசையிலயும் அடிவானம் மட்டும் அந்தி மாதிரி ஆரஞ்சா. தெருவே கத்துது. மாமியார் "முருகா முருகா"ன்னு கன்னத்துல போட்டுக்கிட்டாங்க, எனக்கு அழுகையே வந்துருச்சு. நாலு நிமிஷத்துக்கும் கொஞ்சம் கம்மி. சத்தியமா போய்ட்டு வாங்க.

விண்மீன்பித்தன்:
ஏன் இவ்ளோ வித்தியாசம்னா, கொரோனா பிரகாசம் சூரியன்ல கிட்டத்தட்ட பத்து லட்சத்துல ஒரு பங்குதான், அதாவது ஏறக்குறைய பௌர்ணமி நிலா அளவு. ஒரு சதவீதம் சூரியன் வெளிய தெரிஞ்சாலே அது அமுங்கிடும். திண்டுக்கல் தம்பி, 2019ல நீங்க பாத்தப்ப நிலா கொஞ்சம் தூரத்துல இருந்ததால சூரியன முழுசா மூட முடியல, சுமார் 93 சதவீதம்தான் மறைச்சுது, மிச்ச 7 சதவீதம் பகல பகலாவே வச்சிருச்சு. 93க்கும் 99க்கும் பெருசா வித்தியாசம் இல்ல, 99க்கும் 100க்கும்தான் எல்லாம். சூரியன் நிலாவ விட சுமார் 400 மடங்கு பெருசு, தூரமும் சுமார் 400 மடங்கு, அதனாலதான் இப்டி கச்சிதமா மூடுது, நினைக்க நினைக்க ஆச்சரியமா இருக்கு. டெக்சாஸ் அண்ணா சொன்ன ரோஸ் புள்ளி இருக்கே, அதுமாதிரி சூரிய ஓரத்துலருந்து எழும்பற வாயு நாக்குகளத்தான் 1868 ஆகஸ்ட் 18 கிரகணத்தப்ப குண்டூர்ல ஜான்சென்ங்கற பிரெஞ்சு விஞ்ஞானி ஒளிய நிறம் நிறமா பிரிச்சுக் காட்டற நிறமாலைமானி வச்சு ஆராய்ஞ்சார், அந்த கிரகணத்துல கண்ணுல பட்ட ஒரு மஞ்சள் கோடுதான் பின்னாடி ஹீலியம்னு தெரியவந்துச்சு. இந்தியாவுல அடுத்த முழு கிரகணம் 2034 மார்ச் 20, லடாக் காஷ்மீர் பக்கம். அது வரைக்கும் காத்திருக்க வேணாம்.

ஹூஸ்டன்_மதுரை:
அதே 2024 கிரகணத்துல எனக்கு வேற அனுபவம். ஹூஸ்டன்ல முழுசா மறையாதுன்னு டெக்சாஸ்லயே கெர்வில்ங்கற ஊர் பக்கம் காரெடுத்துட்டுப் போனோம், மேகம் விடவே இல்ல. வைரமும் இல்ல வெள்ளியும் இல்ல, நடுவுல சின்ன கேப் விழுந்து கொரோனா சில நொடி தெரிஞ்சது அவ்ளோதான். ஆனா மேற்குலருந்து அந்த இருட்டு மேகத்து மேல ஏறி வந்து நம்மள மூடுன வேகத்த என்னால இன்னும் மறக்க முடியல, உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. மேகம்தான் பெரிய எதிரி, அந்த வகைல லக்சர் நல்ல சாய்ஸ், ஆகஸ்ட்ல அங்க மேகமே அபூர்வம். 2026 ஆகஸ்ட் 12 ஸ்பெயின்லயும் இருக்கு, ஆனா சூரியன் அஸ்தமிக்கற நேரம், ரொம்ப தாழ்வா இருக்கும்.

திண்டுக்கல்காரன்:
ரொம்ப நன்றி. டிக்கெட் போட்டுடறேன். அம்மாவுக்கு 60 தாண்டிருச்சு, கழுத்து வலி உண்டு, ரொம்ப நேரம் அண்ணாந்து பாக்க முடியுமா?

விண்மீன்பித்தன்:
அண்ணாந்து பாக்கவே கூடாது, அங்க மத்தியானம் ஒரு மணி வாக்குல சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல. பாய் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க, குடை, தண்ணி எல்லாம் வச்சுட்டு நிழல்ல இருங்க, மறையறதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி வெளிய வந்து படுத்துக்கச் சொல்லுங்க. சூரியன பாக்கற கண்ணாடிக்கான பாதுகாப்பு தரம் ஐஎஸ்ஓ 12312-2, அது போட்ட கண்ணாடி ஆளுக்கொண்ணு. கடைசிப் புள்ளி அணைஞ்சதும் கழட்டிடணும், இல்லன்னா கொரோனா தெரியவே தெரியாது. மறுபடி வெளிச்சம் எட்டிப்பாத்ததும் உடனே போட்டுக்கணும். வெளிச்சம் எப்ப திரும்பும்னு குழம்பாம இருக்க, ஒருத்தர் போன்ல டைமர் வச்சு சத்தமா சொல்லட்டும். போட்டோ மட்டும் எடுக்காதீங்க ப்ளீஸ், அந்த ஆறு நிமிஷமும் அம்மா பக்கத்துல படுத்து பாருங்க.