குழந்தைகளோடு பனிச்சறுக்கு: யுசாவாவா, கொரியாவா?

வணக்கம். நாங்கள் கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறோம். ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு பனிச்சறுக்குப் போக ஆசை. மூத்தவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு நான்கு. ஷா ஆலம் ஐ-சிட்டியில் உள்ள பனி அரங்குக்குப் போய்வந்ததிலிருந்து வீட்டில் இதே பேச்சு. ஆனால் அங்கே சின்னவனின் கம்பளிக் கையுறை நனைந்து, விரல் விறைத்து அழுதுவிட்டான். கொஞ்ச நேரத்துக்கே அப்படியென்றால் மலையில் நாள் முழுக்க எப்படித் தாங்குவான்? அதுதான் எனக்குப் பெரிய கவலை.

ரொம்பத் தூரம் வேண்டாம் என்று ஜப்பானையும் கொரியாவையும் பார்த்தோம். ஜப்பானில் காலா யுசாவா மிகவும் பிடித்திருக்கிறது. தோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் அதிவேக ரயிலில் சுமார் 80 நிமிடம்தான். ரயில் நிலையமும் பனிச்சறுக்கு மையமும் ஒரே கட்டடம். தூங்கி வழிகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பேருந்து மாற வேண்டியதில்லை. கொரியாவில் யோங்பியோங், 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் ஸ்லாலோம் (கம்பங்களுக்கு இடையே வளைந்து வளைந்து சறுக்கும்) போட்டிகள் நடந்த இடம். என் கணவருக்கு அங்கே போகத்தான் ஆசை.

போய்வந்தவர்கள் சொல்லுங்களேன். டிசம்பர் நடுவில் யுசாவாவில் போதுமான பனி இருந்ததா, இல்லை கிறிஸ்துமஸ் வாரத்துக்குத் தள்ளலாமா? நான்கு வயதுப் பிள்ளையைப் பயிற்சி வகுப்பில் விட்டீர்களா, உட்கார்ந்து சறுக்கும் பலகையில் விளையாட விட்டீர்களா? சறுக்குக் கட்டையும் காலணியும் அங்கேயே வாடகைக்கு எடுப்போம். நீர் புகாத கையுறையை மட்டும் இங்கேயே வாங்கிவிட வேண்டும், கேஎல்லில் சின்ன அளவு எங்கே கிடைக்கும்? அப்புறம், அத்தையும் வருகிறார், சுத்த சைவம். மலையில் அவருக்கு என்ன சாப்பாடு கொடுத்தீர்கள்?