புதுப்பிப்பு: சின்ன லேத்தில் பார்ட்டிங் அதிர்வு நின்றுவிட்டது

என் சின்ன லேத்தில் (உலோகம் கடையும் இயந்திரம்) 20 மி.மீ. இரும்புக் கம்பியை வெட்டித் துண்டாக்கும்போது, அதாவது பார்ட்டிங் செய்யும்போது, அதற்கான பார்ட்டிங் டூல் அதிர்ந்து சிக்கிக்கொள்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். இப்போது சரியாகிவிட்டது. டூல் முனையைச் சுழலும் கம்பியின் மைய உயரத்துக்குக் கொண்டுவந்தது, கம்பியைப் பிடித்துச் சுழற்றும் ‘சக்’குக்கு மிக அருகிலேயே வெட்டியது, டூலைச் சுமந்து நகரும் கேரேஜை (carriage) நகராமல் பூட்டியது எல்லாமே உதவின. யோசனை சொன்னவர்களுக்கு நன்றி.

ஆனால் பெரிய மாற்றம் தந்தது வேறு. டூலைப் பிடிக்கும் டூல் போஸ்டுக்கு அடியில் இருக்கும், கோணம் திருப்பக்கூடிய காம்பவுண்ட் ஸ்லைடைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கனமான இரும்புக் கட்டி ஒன்றைப் பொருத்தி, அதன்மேல் டூல் போஸ்டை வைத்தேன். சின்ன லேத்தில் நெகிழ்வு அதிகம் இருக்கும் இடங்களில் காம்பவுண்ட் ஸ்லைடும் ஒன்று. டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடின் கிப் திருகுகளையும் (ஸ்லைடின் தளர்வைச் சரிசெய்யும் திருகுகள்) ஆட்டம் போகும்வரை இறுக்கினேன்.

வேகத்தைக் குறைத்து, எண்ணெய் விட்டு, சீராக உள்ளே செலுத்தினால் சீவல் அழகாகச் சுருண்டு வருகிறது. தயங்கினால் டூல் வெட்டாமல் உரசும், மறுபடி அதிரும். அப்புறம், குட்டையான டேப்பர் (கூம்புபோன்ற சரிவு) கடைய மட்டும் காம்பவுண்டைத் திரும்ப மாட்டிக்கொள்கிறேன்.