1954 ஹேங்க் ஆரன் கார்டு ஓரம் வெட்டினதா, ஒரிஜினலா?

மக்களே, பேஸ்பால் கார்டு சேக்குறவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. எங்க பக்கத்து வீட்டு தாத்தா மில்வாக்கிக்காரர், சின்ன வயசுல பபிள்கம் கூட வந்த கார்டுன்னு ஷூ பாக்ஸ்ல போட்டு வெச்சிருந்தாரு, வீடு காலி பண்றப்ப எனக்கு குடுத்துட்டாரு. அதுல ஒண்ணு 1954ல டாப்ஸ் கம்பெனி போட்ட ஹேங்க் ஆரன் (பேஸ்பால் ப்ளேயர்) கார்டு, நம்பர் 128, ஆரஞ்சு பேக்ரவுண்ட், ஆரனோட ரூக்கி கார்டு, அதாவது அவருக்கு மொதல்ல வந்த கார்டு.

போன சனிக்கிழமை சிகாகோ பக்கத்துல ரோஸ்மான்ட்ல ஒரு வின்டேஜ் (பழைய கார்டு) ஷோவுக்கு எடுத்துட்டுப் போனேன். மொத டேபிள்ல இருந்த வியாபாரி 1800 டாலர்னாரு, நாலு டேபிள் தள்ளி இன்னொருத்தர் லென்ஸ வெச்சு பாத்துட்டு மேல் ஓரத்த ட்ரிம் பண்ணிருக்காங்க (வெட்டிருக்காங்க), 400க்கு மேல தரமாட்டேன்னுட்டாரு, அப்புறம் ரெண்டு பேரும் என்ன நடுவுல நிக்க வெச்சிட்டு அரை மணி நேரம் வாக்குவாதம் (வேடிக்கை பாக்க நல்லாத்தான் இருந்துச்சு).

வீட்டுக்கு வந்து டிஜிட்டல் கேலிபர்ல அளந்தேன். 2.625க்கு 3.75 இன்ச் இருக்கணும், அகலம் சரி, உயரம் மட்டும் 3.69. 1994ல வந்த ரீப்ரின்ட்டோட வெச்சுப் பாத்தாச்சு, அது இல்ல. மூலை நாலும் மழுங்கிருக்கு, நடுவுல லேசா மடிப்பு. மேல் ஓரம் மட்டும் மத்த மூணவிட கொஞ்சம் வெள்ளையா தெரியுது, அதான் உறுத்துது. ஈபேல வித்த விலையெல்லாம் பாத்தேன், எல்லாம் கிரேட் பண்ணினது (கம்பெனில சோதிச்சு தரம் போட்டது), நம்மளோடது ரா, அதாவது தரம் போடாதது.

கார்டுக்கு தரம் போடுற பிஎஸ்ஏ கம்பெனிக்கு அனுப்பி காசு கட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு தெரியணும்: 0.06 இன்ச் கம்மிங்கறது அந்தக் காலத்து ஃபேக்டரி கட்டிங்லயே வர்ற வித்தியாசமா, இல்ல கண்டிப்பா ட்ரிம் தானா?