40 சதவீதம், ஆனால் எத்தனை பேரில்?

தோழர்களே, கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் ஒரு ஆடைத் தொழிற்சாலை நிர்வாகம் சங்கத்தோடு பேச மறுக்கிறது. கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 32அ பிரிவு (1999 திருத்தம்) கேட்பது 40 சதவீத அங்கத்துவம்தான், அதுவும் சங்கம் யாருக்காகப் பேரம் பேசுகிறதோ அந்த ஊழியர்களில். நிர்வாகமோ மேற்பார்வையாளரையும் மேன்பவர் ஆட்களையும் (வெளி முகவர் மூலம் வருபவர்கள்) சேர்த்து எண்ணுகிறது. மெஷின் ஒப்பரேட்டர் 600 பேர் என்றால் 240 போதும். 800 ஆக்கினால் 320 வேண்டும். சங்கத்தில் இருப்பது 270. (பழைய வித்தைதான்.)

சங்கத்துக்கு 40 சதவீதம் உண்டா என்று பார்க்கும் வாக்கெடுப்புக்கு முன்பே, யார் யாரை எண்ணுவது என்பதை எழுத்தில் தீர்மானிக்கும்படி தொழில் திணைக்களத்துக்குக் கடிதம் தயாராகிறது. அங்கத்தவர் பெயர்ப்பட்டியல் தொழில் ஆணையாளருக்கு மட்டும். நிர்வாகத்தின் கைக்குப் போனால் மறுநாளே விலகல் கடிதங்கள் வரத் தொடங்கும்.

மேன்பவர் ஆட்களைக் கணக்கிலிருந்து நீக்கிய தீர்மானமோ நீதிமன்றக் கட்டளையோ யாரிடமாவது உண்டா? இலக்கமும் திகதியும் போதும்.